அப்பாவின் ஃபியட்டுக்கு மனைவியின் நகையா?

கேள்வி: வயது 57. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். செலவு போக மாதம் 12 ஆயிரம் மிஞ்சும். மூத்தவளைக் கட்டிக் கொடுத்துவிட்டேன், சின்னவள் நர்சிங் முதல் வருடம். அப்பா 1966-ல் வாங்கிய ஃபியட் 1100 எங்கள் வீட்டில்தான் நிற்கிறது. ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில். அவர் தவறி ஆறு வருடம் ஆகிறது. நாலு வருடத்துக்கு முன் டிங்கரிங், பெயின்ட் வேலைக்காக மனைவியின் 8 பவுனை 18 சதவீத வட்டிக்கு வைத்து 1,20,000 வாங்கினேன். வருடா வருடம் வட்டியைக் கட்டி மாற்றி வைக்கிறேன். நடுவில் டயர், சீட்டு என்று இரண்டு தடவை 60 ஆயிரம் கூட எடுத்ததில் கடன் 2,40,000 ஆகிவிட்டது. போன தையில் அண்ணன் மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டியை எடுத்தார்கள். வழியில் ரேடியேட்டர் கொதித்து, யாரோ பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள். இன்ஜின் பிளாக்கில் விரிசல், பழைய பிரீமியர் பத்மினி காரின் இன்ஜின் வாங்கி மாற்ற 1,40,000 ஆகும் என்கிறார் மெக்கானிக். கோவையில் ஒரு பட்டறையில் விரிசலைத் தைக்க 35 ஆயிரம் என்றார்கள். மஸ்கட்டில் இருக்கும் அண்ணன், "அப்பா வண்டி, நான் ஓணத்துக்கு வரும்போது ஓடணும்" என்கிறார். மருமகனோ, "நகை மேல் கூட 1 லட்சம் சேர்த்து எடுத்து ஸ்மால்கேப் ஃபண்டில், அதான் சின்னக் கம்பெனிப் பங்கு வாங்கும் ஃபண்டில், போடுங்க மாமா, வட்டியை அதிலிருந்தே கட்டலாம். வண்டியைக் கல்யாண போட்டோ ஷூட்டுக்கு வாடகைக்கும் விடலாம்" என்கிறார். எதைச் செய்வது?

பதில்: விரிசலுக்கு அப்புறம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது "வட்டியைக் கட்டி மாற்றி வைக்கிறேன்" என்ற வரி. கடை நடத்துகிறவருக்கு வட்டிக் கணக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நாலு வருடத்தையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்திருக்க மாட்டீர்கள். முதல் இரண்டு வருடம் 21,600 வீதம் 43,200. மூன்றாம் வருடம் 1,80,000-க்கு 32,400. நாலாம் வருடம் 2,40,000-க்கு 43,200. மொத்தம் 1,18,800. முதலில் வாங்கிய கடன் அளவுக்கு வட்டியே போயிருக்கிறது. அசலோ இரண்டு மடங்காக நிற்கிறது.

இத்தனை வருடம் இது வலிக்காமல் நடந்ததற்குக் காரணம் தங்கத்தின் விலையேற்றம். விலை ஏற ஏற, அதே 8 பவுனுக்கு அதிகக் கடன் தர அடகு பிடித்தவர்கள் தயார், வாங்க நீங்களும் தயார். உங்கள் மனைவியின் நகை மேல் எடுத்த பணம் ஒரு காரின் பெயின்ட்டாகவும் டயராகவும் போயிருக்கிறது. அவரிடம் இதைக் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. இப்போது 1,40,000 சேர்த்தால் கடன் 3,80,000, வட்டி வருடம் 68,400. மாதத்துக்கு 5,700, அதாவது உங்களிடம் மிஞ்சுவதில் ஏறக்குறைய பாதி. தங்கம் நன்றாக இறங்கினால் கூடுதலாகப் பணம் கட்டச் சொல்வார்கள். கட்ட முடியாவிட்டால் ஏலம். சின்னவளுக்கு இன்னும் மூன்று வருடக் கல்லூரிச் செலவு பாக்கி இருக்கும்போது இந்தக் கடனை ஏற்றவே கூடாது.

மருமகன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனாலும் கடன் வாங்கி ஸ்மால்கேப்பில் போடச் சொல்லும் பேச்சு இப்போது எங்கு பார்த்தாலும் கேட்கிறது, எனக்குப் பொறுமை போய்விடுகிறது. ஒரு வருடத்துக்குள் யூனிட்டை விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி. 18 சதவீத வட்டியை அதிலிருந்து கட்ட வேண்டுமானால் ஃபண்டு 22.5 சதவீதமாவது ஏற வேண்டும், அதுவும் வட்டி கட்டும் தேதிக்குள். சந்தை இறங்கினால் வட்டியும் பாக்கி, முதலும் காலி. வாடகை யோசனையும் ஆகாது. சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு விடச் சட்டம் இடம் தராது. அந்த நேரத்தில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும்.

சரி, வண்டிக்கு வருவோம். முதலில், அது பிளாக் விரிசல்தானா என்று உறுதி செய்யுங்கள். ஃபியட் 1100-ல் சிலிண்டர்கள் உள்ள அடிப்பகுதியான பிளாக் வார்ப்பிரும்பு, அதன் மேல் மூடியான ஹெட் அலுமினியம். சூடு ஏறினால் முதலில் வளைவது ஹெட்தான், அப்படியே இரண்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடான கேஸ்கெட்டும் போகும். தண்ணீர் குறைவது, எண்ணெய் பால் மாதிரி வெளுப்பது, வெள்ளைப் புகை எல்லாம் கேஸ்கெட் போனாலும் வரும். ஹெட்டைக் கழற்றி மட்டம் பார்த்து, பிளாக்கில் காற்றழுத்தம் கொடுத்துச் சோதித்து, சாய மருந்து தடவி விரிசல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு ஆகும் செலவைத் தாராளமாகச் செய்யுங்கள். இதைச் செய்யாமல் 1,40,000 எஸ்டிமேட் கொடுத்திருந்தால் அது வெறும் ஊகம்.

விரிசல் தண்ணீர் ஓடும் ஜாக்கெட்டின் வெளிச்சுவரில் இருந்தால் தைப்பதே நல்லது. விரிசல் நெடுக வரிசையாகத் துளை போட்டு, மரை வெட்டிய ஊசிகளை ஒன்றோடொன்று கவ்வும்படி இறக்கி, குறுக்கே பூட்டு வைத்து மூடுவார்கள். சூடே ஏற்றாத வேலை என்பதால் பிளாக் வளையாது. வெல்டிங் என்றால் வார்ப்பிரும்பை முழுவதும் நன்றாகச் சூடாக்கி, நிக்கல் ராடால் பற்ற வைத்து, மிக மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரமாக ஆறினால் பற்றவைத்த இடத்தின் ஓரத்திலேயே புதிதாக வெடிக்கும். விரிசல் சிலிண்டருக்குள் போயிருந்தால் உள்ளே லைனர் என்ற உறை போடலாம். கிராங்க் உட்காரும் பேரிங் பகுதி வரை ஓடியிருந்தால் மட்டும்தான் வேறு பிளாக் தேடுவதில் அர்த்தம் உண்டு. ரேடியேட்டரில் ஊற்றும் அடைப்புப் பவுடரை நம்பாதீர்கள், அது ரேடியேட்டரையும் சேர்த்து அடைக்கும். எதைச் செய்தாலும் இனி போர்வெல் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். உங்கள் சித்தூர் தாலுகாவின் உப்புத் தண்ணீர் ஜாக்கெட்டுக்குள் படிந்தால் வண்டி மறுபடியும் கொதிக்கும். டிஸ்டில்டு வாட்டரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.

இன்ஜினை மாற்றுவதில் மெக்கானிக் சொல்லாத செலவு ஒன்று இருக்கிறது. இன்ஜின் நம்பர் ஆர்.சி.யில் உள்ளது. மாற்றினால் ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதியும் சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாத வண்டியைத்தான் ஏற்கிறது. அதற்குக் கட்டணம் 20,000. பதிவு செய்தபின் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்பு என்று மட்டுமே ரோட்டில் எடுக்கலாம், ஆகையால் இப்போதே ஓடிப் போய்ப் பதிய வேண்டாம். ஆனால் நாளை விற்கும் நிலை வந்தால், அசல் பிளாக்கோடு நிற்கும் 1966 வண்டிக்கும் பத்மினி இன்ஜின் ஏற்றிய வண்டிக்கும் வாங்குபவர் ஒரே விலை தரமாட்டார். 1,40,000 கொடுத்து வண்டியின் மதிப்பைக் குறைத்துக்கொள்வீர்கள்.

இதையெல்லாம் விட அவசரமானது ஆர்.சி. உரிமையாளர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் ஃபார்ம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். இறந்தவர் பெயரில் இருந்த இன்சூரன்ஸும் அதிகபட்சம் மூன்று மாதம்தான் செல்லும். ஆறு வருடமாக அப்பா பெயரில் வண்டியை ஓட்டியிருக்கிறீர்கள். மாப்பிள்ளை அழைப்புக் கூட்டத்தில் யார் மீதாவது இடித்திருந்தால் நஷ்டஈடு உங்கள் கடையைத் தேடி வந்திருக்கும். அண்ணனோடு பேசி, உடன்பிறந்த மற்றவர்களும் இருந்தால் அவர்களிடமும் கையெழுத்து வாங்கி, ஒருவர் பெயருக்கு மாற்றுங்கள். அது முடியும் வரை வண்டி ரோட்டுக்கு வர வேண்டாம்.

அண்ணனிடம் பேசுவது உங்களுக்குச் சங்கடம் என்று தெரிகிறது. ஆனால் வண்டி அவருக்கும் அப்பாவுடையதுதான். அவர் மகன் கல்யாணத்தில்தான் பிளாக் போனது. தையல் 35 ஆயிரம், இன்ஜினை இறக்கி ஏற்ற, கேஸ்கெட், எண்ணெய் என்று இன்னொரு 25 ஆயிரம் வைத்தால் 60 ஆயிரம். இதில் 40 ஆயிரம் அண்ணன் தரட்டும், 20 ஆயிரம் நீங்கள் போடுங்கள். பணம் வந்த பிறகு பிளாக்கை மட்டும் டெம்போவில் ஏற்றுங்கள், வேலந்தாவளம் தாண்டினால் கோவைதானே. வரவில்லையென்றால் தண்ணீரை முழுவதும் வடித்து, பேட்டரியைக் கழற்றி, பிளக் துளை வழியே சிலிண்டரில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஷெட்டில் மூடி வையுங்கள். தண்ணீர் இல்லாமல் நிற்கும் பிளாக்கில் விரிசல் வளராது. ஓணம் அடுத்த வருடமும் வரும்.

நகைக்கு வருவோம். இந்தக் கடனை 10 சதவீதம் போல வட்டி வாங்கும் வங்கிக்கு மாற்றுங்கள். நகையை மீட்கத் தேவையான 2,40,000-ஐ இரண்டு நாள் கைமாற்றாக அண்ணனிடமே கேளுங்கள். வங்கியில் வைக்கும்போது நகையை மூன்றாகப் பிரித்து, 80 ஆயிரம் வீதம் மூன்று கடனாக வையுங்கள். மாதம் மிஞ்சும் 12 ஆயிரத்தையும் அதில் கட்டினால் முதல் பங்கு எட்டு மாதத்தில் வீட்டுக்கு வரும், மொத்தமும் 22 மாதத்தில் முடியும். மொத்த வட்டி 24 ஆயிரம் போல ஆகும். வங்கி ஓராண்டில் புதுப்பிக்கச் சொன்னால், மிச்சம் இருக்கும் அசலுக்கு மட்டும் புதுப்பியுங்கள், ஒரு ரூபாய் கூடுதலாக எடுக்காதீர்கள். வண்டிக்கு உங்கள் பங்கு 20 ஆயிரத்தை இதற்கு நடுவில் எடுத்தால் இரண்டு மாதம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

இந்த வாரமே ஹெட்டைக் கழற்றச் சொல்லுங்கள். விரிசல் எந்த இடம் என்று தெரிந்ததும் போட்டோ எடுத்து, எஸ்டிமேட்டோடு சேர்த்து மஸ்கட்டுக்கு அனுப்புங்கள்.