படிப்பும் பிள்ளைப்பேறும் – கடிதம்

அன்புள்ள அம்மா,

என் பாட்டிக்கு ஒன்பது பிள்ளைகள். அம்மாவுக்கு ஏழு. எங்களுக்கு இரண்டு. என் மகளுக்கு ஒரே பெண். அவள் ரெதுய் பல்கலைக்கழகத்தில் படித்து வேலைக்குப் போகிறாள், வயது இருபத்தொன்பது. கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள். தைப்பூசத்தன்று கோவிலில் சின்னப் பிள்ளைகள் வருஷா வருஷம் குறைகிறார்கள். என் மனைவி ஆறாம் வகுப்புதான், குடும்பத்தைக் கட்டிக் காத்தாள். பெண்களை இத்தனை படிக்க வைத்ததற்கு நாம் கொடுக்கும் விலையோ இது? பேத்தியிடம் நான் என்ன சொல்வது?

மொரீஷியஸ், ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

நீங்கள் எழுதிய வரிசையை இன்னொரு முறை பாருங்கள். ஒன்பது, ஏழு, இரண்டு, ஒன்று. பெரிய இறக்கம் ஏழிலிருந்து இரண்டுக்கு. அது உங்கள் வீட்டில், ஆறாம் வகுப்போடு நின்ற உங்கள் மனைவியின் காலத்தில் நடந்திருக்கிறது. பேத்தியின் பட்டத்துக்கு அதில் என்ன பங்கு?

மொரீஷியஸ் முழுக்கவே கதை இதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மலேரியாவை ஒடுக்கினார்கள். சாவு குறைந்தது, பிறப்பு குறையவில்லை. 1962 கணக்கெடுப்பில் தீவில் சுமார் 6.8 லட்சம் பேர், ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு பிள்ளைகள். முந்தைய ஆண்டுதான் பிரிட்டனிலிருந்து வந்த சமூகக் கொள்கை அறிஞர் டிட்மஸ், பொருளாதார அறிஞர் மீட் இருவரின் அறிக்கைகளும் மக்கள்தொகை இப்படியே பெருகினால் இந்தத் தீவு தாங்காது என்று எச்சரித்திருந்தன. ஆனால் 1970களின் தொடக்கத்திலேயே அந்த ஆறு, நான்குக்கும் கீழே வந்துவிட்டது. இந்து, முஸ்லிம், கிரியோல், சீனர் என்று எல்லா வீடுகளிலும் குறைந்தது. இடைநிலைக் கல்வி இலவசமானது 1977இல். ஏற்றுமதி ஆலைகளுக்கான சட்டம் 1970இல் வந்தாலும் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஸோன் ஃப்ரான்ஷ் என்ற அந்த ஏற்றுமதி ஆலைகளுக்கு வேலைக்குப் போனது 1980களில். அந்தப் பத்தாண்டின் நடுவில் சராசரி இரண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதாவது, இறக்கத்தில் பாதிக்கு மேல் பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளியின் கதவு திறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது.

அப்படியானால் படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா? நிறைய இருக்கிறது. பெற்றவளின் படிப்பை மட்டும் பார்ப்பதால் அது நம் கண்ணில் படுவதில்லை. பிறந்த பிள்ளையின் படிப்பையும் பார்க்க வேண்டும்.

என் அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். விடிவதற்குள் கரும்பு வயலுக்குப் போய்விடுவார். அக்கா மாட்டுக்குப் புல் அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டு வருவாள், வந்ததும் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொள்வாள். ஏழு வயதுப் பிள்ளை அன்று வீட்டுக்கு ஒரு வேலையாள். அதே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் சீருடை, செருப்பு, நோட்டுப்புத்தகம், ஆறாம் வகுப்புத் தேர்வுக்கு டியூஷன் என்று கைச்செலவு கூடிக்கொண்டே போகும். ஜான் கால்டுவெல் என்ற ஆஸ்திரேலிய மக்கள்தொகை அறிஞர் 1980இல் சொன்னதும் இதைத்தான்: பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்குப் போகத் தொடங்கினால் செல்வம் பெற்றோரிடமிருந்து பிள்ளைகள் பக்கம் ஓடும், பிறப்பு குறையும்.

அக்கா ஆறாம் வகுப்பில் நன்றாகத் தேறினாள். ஆனால் மேலே கட்டணம் கட்ட ஒரு பிள்ளைக்குத்தான் காசு இருந்தது. அண்ணனுக்குக் கட்டினார்கள். அக்காவுக்குத் தையல் மெஷின் வந்தது. நான் பிறந்த பிறகு அம்மா யாரிடமும் கேட்காமல் குடும்பக் கட்டுப்பாட்டு கிளினிக்குக்குப் போனார். அப்பா கோபித்துக்கொண்டபோது அம்மா சொன்ன காரணம் ஒன்றுதான்: “இவளாவது படிக்கட்டும்.” 1957இல் தொடங்கிய குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கமும், 1963இல் வந்த கத்தோலிக்கர்களின் ஆக்சியோன் ஃபாமிலியால் அமைப்பும் வழியைக் காட்டின. போவதா வேண்டாமா என்று முடிவெடுத்தவர்கள் இந்த மாதிரி அம்மாக்கள்.

இந்தியாவிலும் இதே மாதிரிதான். பள்ளிப் படிப்பில்லாத பெண்களிடமும் பிறப்பு வேகமாகக் குறைந்ததையும், அந்தச் சின்னக் குடும்பங்களின் பிள்ளைகள்தான் அதிகம் படிக்க முடிந்ததையும் இந்திய மக்கள்தொகை அறிஞர் மாரி பட் 2002இல் எடுத்துக்காட்டினார். பாட்டி குறைவாகப் பெற்றதால் பேத்தி படித்தாள். இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பேத்தி மேல் பழி போடுவது எனக்கு வலிக்கிறது, ஐயா.

சரி, இன்றைக்கு வருவோம். இப்போது மொரீஷியஸில் ஒரு பெண்ணுக்குச் சராசரி ஒன்றரைப் பிள்ளைக்கும் கீழே இருக்கிறது. உங்கள் கவலை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் படித்த பெண்ணுக்குப் பிள்ளை ஆசையே இல்லை என்பது உண்மையில்லை. எத்தனை வேண்டும் என்று கேட்டால் பல நாடுகளிலும் பெரும்பாலான பெண்கள் இரண்டு என்றுதான் சொல்கிறார்கள். பள்ளியிலும் வேலையிலும் பெண்ணுக்குச் சம இடம் கிடைத்து, வீட்டுக்குள் மட்டும் பழைய ஏற்பாடே நீடிக்கும் நாடுகளில்தான் பிறப்பு அதலபாதாளத்துக்குப் போகிறது என்று ஆஸ்திரேலிய மக்கள்தொகை அறிஞர் பீட்டர் மெக்டொனால்டு 2000இல் எழுதினார். தென் கொரியாவில் 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 பிள்ளைதான்.

என் உறவில் ஒரு பெண், அலுவலகங்கள் நிறைந்த எபெனில் வேலை பார்க்கிறாள். மாலை நெரிசலில் வீடு வந்து சேர ஆறரை ஆகும். பையைக் கீழே வைத்ததும் அடுப்பு, மகனின் வீட்டுப்பாடம், மாமியாரின் மாத்திரை. கணவன் நல்ல பையன்தான். அவன் வீடு வந்தால் டீ கேட்பான். இரண்டாவது எப்போது என்று கோவிலில் அவளைக் கேட்காதவர் இல்லை. அவனை ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பேத்தியிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். கல்யாணப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். வேண்டாம் என்று அவள் முடிவு செய்தால் அது அவள் முடிவு. என்றைக்காவது அவளே பேச்செடுத்தால், வரப்போகிறவன் வீட்டில் என்ன வேலை செய்வான் என்று அவள் கேட்பதை வீட்டில் யாரும் அதிகப்பிரசங்கித்தனம் என்று அடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேரன்களும் மருமகனும் உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பாத்திரம் கழுவ அவர்களைக் கூப்பிடுங்கள், நீங்களும் கூட நின்று கழுவுங்கள். அவள் பார்க்கட்டும்.

அன்புடன்