பச்சைச் சுவரைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

"அக்கா, இரண்டு மாதமாக ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு போனில் வீட்டு விளம்பரங்களைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. இரண்டு வீடுகள் மனசில் நிற்கின்றன. ஒன்று, எல்லாம் புதுசாக மாற்றி, அப்படியே குடிபோகலாம் என்ற நிலையில் இருக்கிறது, விலைதான் எட்டவில்லை. இன்னொன்று 25 வருடப் பழைய வீடு, விலை குறைவு. ஆனால் ஹாலில் கரும்பச்சைச் சுவர், பாத்ரூமில் ரோஸ் நிற டைல்ஸ், சமையலறை அலமாரிக் கதவுகள் தொங்குகின்றன. 'இதை வாங்கினால் கையில் இருப்பதெல்லாம் வீட்டைச் சரிபண்ணவே போய்விடும்' என்கிறார் கணவர். எனக்கோ அந்த வீட்டு ஜன்னல்களை மறக்க முடியவில்லை. செலவை எப்படிக் கணக்குப் போடுவது?" - ஒரு வாசகி

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அந்த ஜன்னல்கள்தான் என் மனசிலும் நின்றன. கரும்பச்சைச் சுவர் ஒரு வாரத்தில் நிறம் மாறிவிடும். ரோஸ் டைல்ஸைப் பெயர்த்து எடுத்துவிடலாம். ஆனால் இருண்ட வீட்டுக்குள் வெளிச்சத்தைக் கொண்டுவருவது எந்தக் கொத்தனாருக்கும் லேசான காரியம் இல்லை. பார்க்க வேண்டியதைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

ஆனால் அந்த ஜன்னல்களைப் போட்டோவில்தானே பார்த்தீர்கள்? விளம்பரத்துக்கு எடுக்கும் போட்டோக்களில் பெரும்பாலும் அகலக் கோண லென்ஸ் இருக்கும். சின்ன அறையும் கூடம் மாதிரி தெரியும். வீட்டிலுள்ள எல்லா விளக்கையும் போட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள். இதில் ஏமாறாமல் இருக்க ஒரு வழி உண்டு. தரை டைல்ஸை எண்ணுங்கள். இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் என்றால், நீளவாக்கில் ஆறு, அகலவாக்கில் ஐந்து இருந்தால் அறை 12க்கு 10 அடி. லென்ஸ் டைல்ஸை இழுத்துக் காட்டும், ஆனால் எண்ணிக்கை மாறாது. அப்புறம், எந்த அறையின் படம் இல்லை என்றும் பாருங்கள். ஹாலை எட்டுப் படம் எடுத்தவர் பாத்ரூமை ஒன்றுகூட எடுக்கவில்லை என்றால், நேரில் போனதும் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

சரி, செலவுக்கு வருவோம். நீங்களும் உங்கள் கணவரும் இரண்டு வேறு செலவுகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிடிக்காததை மாற்றுவது ஒன்று, கெட்டுப்போனதைச் சரிசெய்வது இன்னொன்று. முன்னதை முன்கூட்டியே கணக்குப் போடலாம், கையில் காசு இல்லாவிட்டால் தள்ளியும் போடலாம். பின்னது சுவருக்குள்ளே ஒளிந்திருக்கும், நம் வசதிக்காகக் காத்திருக்காது.

எங்கள் வீட்டில் பட்டதைச் சொல்கிறேன். வாங்கப் போனபோது படுக்கையறையில் ஒரு சுவர் மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தது. மற்ற மூன்றும் மங்கிய பழைய நிறம். விற்பவர் வீட்டை நன்றாகத்தான் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். குடிவந்து முதல் மழைக்காலம் முடிவதற்குள் அந்தச் சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. நகத்தால் லேசாகக் கீறினேன். பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்து, அடியில் பஞ்சு மாதிரி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. சுவரின் அந்தப் பக்கம் பாத்ரூம், உள்ளே குழாய் கசிவு. சுவருக்குள் இறங்கிய தண்ணீர் அங்குள்ள உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. தண்ணீர் காய்ந்துபோகும், உப்பு மட்டும் தங்கிப் பெயின்ட்டைத் தள்ளிவிடும். இது தெரியாமல் இரண்டு முறை சுரண்டிப் பூசி, பெயின்ட் அடித்துக் காசை வீணாக்கினோம். கடைசியில் பாத்ரூம் தரையை உடைத்துக் குழாயை மாற்றிய பிறகுதான் சுவர் காய்ந்தது.

அதனால் அந்தப் பழைய வீட்டுக்குப் போகும்போது, முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாளே போங்கள். கையில் ஒரு டார்ச் இருக்கட்டும். பீரோவுக்குப் பின்னால், சிங்க்குக்குக் கீழே, மேல்தளக் கூரையின் மூலைகள், பாத்ரூமை ஒட்டிய சுவர்கள் எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சள் வளையமாகக் கறை இருந்தால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வாங்குகிறீர்கள். மெயின் போர்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். 25 வருட வயரிங்கை ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்துப்போய்ப் பார்த்துவிடுவது நல்லது. பெயின்ட் அடித்து முடித்த பிறகு வயரிங்கில் கை வைத்தால் சுவரைக் கொத்த வேண்டிவரும். முதலில் குழாயும் வயரிங்கும், பிறகு பூச்சு, பிறகு தரை, பெயின்ட் கடைசியில். இந்த வரிசை மாறினால் ஒரே வேலைக்கு இரண்டு தடவை காசு கொடுப்பீர்கள்.

பெயின்ட் கணக்கு உங்களாலேயே போட முடியும். 12க்கு 10 அடி அறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 44 அடி, உயரத்தால் பெருக்கினால் 440 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 40 கழித்தால் 400. இரண்டு கோட் என்றால் 800. நல்ல சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு கோட்டுக்குச் சுமார் 100 முதல் 120 சதுர அடி வரும். ஆக, ஏழெட்டு லிட்டர். கரும்பச்சையின் மேல் வெளிர் நிறம் அடிக்க இரண்டு கோட் போதாமல் போகலாம். முதலில் பிரைமர் அடித்துவிட்டால் பெயின்ட் மிச்சமாகும். இதோடு பட்டி பார்ப்பது, கூலி. கூலிதான் பல இடங்களில் பெயின்ட் விலையைத் தாண்டும். அதையும் சேர்த்தாலும், ஒரு வீட்டின் முகத்தை மாற்றும் வேலைகளில் செலவு குறைந்தது இதுதான்.

பாத்ரூமும் சமையலறையும்தான் காசை விழுங்கும். அந்தச் சின்ன இடத்துக்குள் கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், டைல்ஸ் போடுபவர் என எல்லோருக்கும் வேலை இருக்கிறது. டைல்ஸ் வாங்கினால் வெட்டுச் சேதத்துக்கு 10 சதவீதம் கூடுதலாக வாங்க வேண்டும். பழசை உடைத்து அள்ளிப்போடவும் தனிக் கூலி. ஆனால் ரோஸ் நிறம் பிடிக்கவில்லை என்பது மட்டும்தான் குறை என்றால், டைல்ஸ் கெட்டியாக ஒட்டியிருந்து தண்ணீரும் இறங்கவில்லை என்றால், அதை இரண்டு மூன்று வருடம் அப்படியே விடுங்கள். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். உள்ளே காலியாக இருப்பது மாதிரிச் சத்தம் கேட்டால் அடியில் பிடிப்பு விட்டிருக்கிறது. சமையலறையில் அலமாரிப் பெட்டிகள் உறுதியாக இருந்தால் கீலும் கதவும் மாற்றினாலே போதும்.

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வீட்டு விலையில் பெரும்பகுதிக்குக் கடன் கிடைக்கும், மாதாமாதம் அடைக்கலாம். வீட்டைச் சரிபண்ணும் செலவு பெரும்பாலும் கைக்காசு. அவருடைய பயம் அங்கேதான் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். ஆனால் எல்லாம் புதுசாக இருக்கும் அந்த முதல் வீட்டிலும் இதே செலவு விலைக்குள்ளே ஒளிந்திருக்கிறது. வேறொருவர் ரசனைக்குச் செய்த வேலைக்கு நீங்கள் வருடக்கணக்கில் வட்டி கட்டுவீர்கள். பளபளப்புக்கு அடியில் குழாயை மாற்றினார்களா, டைல்ஸை மட்டும் மாற்றினார்களா என்று அங்கேயும் கேளுங்கள்.

குறைந்தது இரண்டு பேரிடம், ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனித் தொகை எழுதிய கொட்டேஷன் வாங்குங்கள். மொத்தமாக ஒரே தொகை சொல்பவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம். பழைய வீடு என்பதால் கூட்டி வந்த தொகையோடு 20 சதவீதம் சேர்த்து எழுதுங்கள். வேலை முடியும்வரை வேறு வீட்டில் இருப்பதானால் அந்த வாடகையும் செலவுதான். இன்னொன்று, விளம்பரத்தில் போட்டிருப்பது கேட்கும் விலைதான். பழுதுக்கான கொட்டேஷனைக் காட்டிக் குறைத்துக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இரண்டு வீட்டு விலைக்கும் உள்ள வித்தியாசத் தொகையே பழுது வேலை, அந்த 20 சதவீதம், வாடகை எல்லாவற்றையும் தாங்கி, அவசரத்துக்குக் கையில் கொஞ்சம் மிச்சமும் வைத்தால் பழைய வீட்டையே வாங்குங்கள். தாங்காவிட்டால், அல்லது மேல்தளக் கூரையில் இரும்புக் கம்பி தெரியும் அளவுக்குச் சிமென்ட் உதிர்ந்திருந்தால், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். போகும்போது கணவரையும் கூட்டிப்போங்கள். அளவு டேப்பை அவர் பிடிக்கட்டும், நீங்கள் எழுதுங்கள். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை போய், விளக்கையெல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டு அந்த ஜன்னல் பக்கத்தில் இரண்டு பேருமாகக் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

அன்புடன்,
அக்கா