ரைட் சகோதரர்கள் பறந்த கதை: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: சார், விஞ்ஞானி லாங்லிக்கு அமெரிக்க ராணுவம் 50,000 டாலர் கொடுத்தும் விமானத்தைப் பறக்கவிட முடியவில்லை. அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த இரண்டு பேரால் எப்படி முடிந்தது?

பதில்: லாங்லி எஞ்சினைத்தான் நம்பினார். அவருடைய உதவியாளர் மேன்லி உருவாக்கிய எஞ்சின் 52 குதிரைத்திறன். ரைட் சகோதரர்களின் கடை மெக்கானிக் சார்லி டெய்லர் ஆறு வாரத்தில் செய்து கொடுத்தது வெறும் 12. ஆனால் 1903 அக்டோபர் 7, டிசம்பர் 8 ஆகிய இரண்டு நாளும் லாங்லியின் விமானம் படகுக் கூரையிலிருந்து கிளம்பிய வேகத்தில் பொடோமாக் ஆற்றில் விழுந்தது. உள்ளே இருந்த மேன்லி பிழைத்ததே பெரிது. ஒரு பேச்சுக்கு அது மேலே போயிருந்தாலும், பக்கவாட்டில் சாய்ந்தால் நிமிர்த்த வழியில்லை. மேன்லிக்கு ஓட்டிய பழக்கமும் இல்லை. ரைட் சகோதரர்களோ 1900 முதலே கிட்டி ஹாக் மணல்வெளியில் எஞ்சின் இல்லாத கிளைடரில் பறந்து பழகினார்கள். 1902இல் மட்டும் 700 தடவைக்கு மேல். எஞ்சினைப் பொருத்துவதற்கு முன்பே இருவருக்கும் ஓட்டத் தெரிந்திருந்தது. ஜெயித்ததற்கு முதல் காரணம் இதுதான் என்பேன்.

கேள்வி: இறக்கையை முறுக்கித் திருப்பினார்கள் என்று படித்தேன். சரியாகப் புரியவில்லை.

பதில்: சைக்கிளில் திரும்பும்போது அந்தப் பக்கம் சாய்கிறோம் அல்லவா? விமானமும் சாய்ந்துதான் திரும்ப வேண்டும் என்று இவர்களுக்குப் பட்டது. ஓட்டுபவர் கீழ் இறக்கையின் மேல் குப்புறப் படுத்திருப்பார்; இடுப்பு ஒரு தொட்டிலில் இருக்கும். இடுப்பை இடப்பக்கம் நகர்த்தினால் கம்பிகள் இழுபட்டு, வலது இறக்கை நுனியின் பின்விளிம்பு கீழே இறங்கும், இடது நுனியில் மேலே ஏறும். வலப்பக்கம் தூக்குவிசை கூடி, விமானம் இடப்பக்கம் சாயும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. தூக்குவிசை கூடும் பக்கத்தில் காற்றின் தடையும் கூடும். அதனால் மூக்கு எதிர்ப்பக்கம் திரும்பி, 1902 கிளைடர் சுழன்று மணலில் குத்தியது. பின்னால் அசையாமல் இருந்த சுக்கானை அசையும்படி வைக்கலாம் என்றார் ஆர்வில். அதை அதே இடுப்புத் தொட்டிலோடு இணைத்தார் வில்பர். 1906இல் கிடைத்த காப்புரிமைக்கு உயிரே இந்த இணைப்புதான். அடுத்த முறை விமானத்தில் இறக்கைக்குப் பின்னால் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் பாருங்கள்: திரும்பும்போது இறக்கை நுனிக்கருகே ஒரு தகடு ஏறி இறங்கும். முறுக்கு வேலையை இப்போது அது செய்கிறது.

கேள்வி: அண்ணா, காற்றுச்சுரங்கத்தைக் கண்டுபிடித்ததும் அவர்கள்தானா?

பதில்: இல்லை தம்பி, காற்றை ஓடவிட்டு இறக்கைகளைச் சோதிக்கும் அந்தக் குழாயை இங்கிலாந்தில் வென்ஹாம் 1871லேயே செய்துவிட்டார். ஆனால் அதை வைத்து இவர்கள் செய்த வேலை எனக்கு 1903 டிசம்பர் 17 அன்று முதன்முதலாகப் பறந்ததைவிடப் பெரிதாகத் தெரிகிறது. 1901 கிளைடர், கணக்குப்படி தூக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தூக்கியது. அந்தக் கணக்குக்குப் பயன்படுத்திய, ஜெர்மன் கிளைடர் முன்னோடி லிலியன்தாலின் தூக்குவிசை அட்டவணையே தப்போ என்று சந்தேகம் வந்தது. ஊருக்குத் திரும்பி 6 அடி நீளத்தில் ஒரு மரப்பெட்டி செய்து, ஒரு முனையில் விசிறியை மாட்டினார்கள். ரம்பத் தகட்டையும் சைக்கிள் போக்ஸ் கம்பியையும் வைத்து, தூக்குவிசையை அளக்க உள்ளே ஒரு தராசு. ஏறக்குறைய 200 சின்னஞ்சிறு இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். கடைசியில் லிலியன்தாலின் அட்டவணை பெரும்பாலும் சரி என்றே தெரிந்தது. தப்பு, காற்றழுத்தக் கணக்குக்கு நூறாண்டுக்கு மேல் எல்லோரும் பயன்படுத்திவந்த 0.005 என்ற எண்ணில் இருந்தது. இவர்களுக்குக் கிடைத்தது 0.0033. இன்றைய அளவும் ஏறத்தாழ அதுதான்.

கேள்வி: முதலில் பறந்தது வில்பரா, ஆர்விலா?

பதில்: ஆர்வில். 1903 டிசம்பர் 14 அன்று நாணயம் சுண்டியதில் வென்றவர் வில்பர். மூக்கை அதிகமாகத் தூக்கிவிட்டதால் விமானம் விழுந்து சேதமானது. பழுது பார்த்து 17ஆம் தேதி ஏறியது ஆர்வில்: 12 விநாடி, 120 அடி. அன்றைய நான்காவது முறை வில்பர் 59 விநாடியில் 852 அடி போனார். பிறகு பலத்த காற்று விமானத்தைப் புரட்டிப் போட்டது. அது மறுபடி பறக்கவே இல்லை.

கேள்வி: பிரேசில்காரர்கள் சாண்டோஸ்-டுமோன்தான் முதல் என்கிறார்களே?

பதில்: 1906 நவம்பரில் பாரிஸில் மக்கள் முன்னிலையில் சக்கரத்தில் ஓடியே எழும்பி 220 மீட்டர் பறந்தார், அந்தப் பெருமை அவருக்கு உண்டு. ஆனால் அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 1905 அக்டோபர் 5 அன்று, வில்பர் வட்டமடித்து வட்டமடித்து 24 மைல் பறந்திருந்தார்.

கேள்வி: ஐயா, 1895இலேயே மும்பையில் தல்படே பறந்ததாகச் சொல்கிறார்கள். ஏன் மறைக்கிறீர்கள்?

பதில்: மறைக்க எதுவும் இல்லை ஐயா. அன்று எடுத்த படமோ, அளவோ, வரைபடமோ கிடைக்கவில்லை. இதோடு சேர்த்துச் சொல்லப்படும் வைமானிக சாஸ்திரம் என்ற சமஸ்கிருத நூலை பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 1974இல் அலசி, அதில் உள்ள விமானங்கள் பறக்க முடியாதவை என்று எழுதினார்கள். நம் நாட்டில் ஆதாரத்தோடு நடந்தவை இருக்கின்றன. 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்திலிருந்து நைனிக்கு விமானத்தில் தபால் போனதை உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் என்கிறார்கள். ஓட்டியவர் பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர்.

கேள்வி: சென்னைக்கு விமானத் தபால் எப்போது வந்தது?

பதில்: 1932 அக்டோபரில் டாடாவின் தபால் சேவை தொடங்கியது. 15ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாடா புஸ் மாத் என்ற சிறு விமானத்தில் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய் ஜூஹுவில் வந்து இறங்கினார். அங்கிருந்து தபாலை பெல்லாரி வழியாக மதராஸுக்குக் கொண்டுவந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட்.