மாநாட்டுப் புகாரை யார் விசாரிப்பது?

கேள்வி: எங்கள் சங்கத்தின் மாநில மாநாட்டுக்குக் கிளையிலிருந்து நான்கு பேர் போயிருந்தோம். இரண்டாம் நாள் இரவு, பெண் பிரதிநிதிகள் தங்கியிருந்த லாட்ஜுக்கு மாவட்ட நிர்வாகி ஒருவர் குடித்துவிட்டு வந்து, எங்கள் கிளைத் தோழரின் அறைக் கதவைத் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு ரகளை செய்திருக்கிறார். மறுநாள் காலையே தோழர் அதை எழுதி மேடைக்கு அனுப்பினார். ஏழு வாரம் ஆகிவிட்டது. கேட்டால் பொதுச்செயலாளர், "நம்ம குடும்பத்துக்குள்ள நடந்தது, பேசித் தீர்த்துக்கலாம், நிர்வாகத்துக்குத் தெரிஞ்சா சங்கத்துக்குத்தான் அசிங்கம்" என்கிறார். கிளைச் செயலாளரான நான் என்ன செய்வது? (பெயரும் ஊரும் வேண்டாம்.)

பதில்: தோழரே, இதே வசனத்தை ஒரு டெப்போ மேலாளரோ வங்கி மண்டல மேலாளரோ பேசியிருந்தால் உங்கள் பொதுச்செயலாளர் மறுநாளே கேட் மீட்டிங் போட்டிருப்பார். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பது முதலாளிகள் காலங்காலமாகச் சொல்லி வருவது, அதை நம்பாதே என்று சொல்லித்தான் சங்கமே கட்டினோம்.

விசாரணை எப்படி நடத்துவது என்று உங்கள் தலைவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. ஒரு கண்டக்டர் மேல் நடவடிக்கை என்றால் என்னென்ன கேட்கிறோம்? குற்றச்சாட்டை எழுத்தில் கொடு, பதில் சொல்ல அவகாசம் கொடு, புகாரில் சம்பந்தப்பட்டவனை விசாரணை அதிகாரியாகப் போடாதே, துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ள விடு, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விடு, அறிக்கையின் நகலைக் கொடு. இதில் ஒன்று விட்டுப்போனாலும் லேபர் கோர்ட்டில் கிழித்துத் தொங்கவிடுகிறோம். அந்த மாவட்ட நிர்வாகிக்கும் இது அத்தனையும் உண்டு, அவர் தரப்பைக் கேட்காமல் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆனால் ஏழு வாரமாக ஒரு விளக்கக் கடிதம்கூடக் கேட்காமல் வைத்திருப்பதற்கு விசாரணை என்றும் பெயரில்லை, சமரசம் என்றும் பெயரில்லை. அமுக்குவது என்று பெயர்.

புகார் கொடுத்த விதத்தையும் கொஞ்சம் பாருங்கள். மேடைக்கு அனுப்பினார் என்கிறீர்கள். மாநாட்டு அரங்கில் மேடைக்குத் துண்டுச் சீட்டு எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியாதா? பின்வரிசையிலிருந்து கை மாறிக் கை மாறி, வழியில் நாலைந்து பேர் பிரித்துப் படித்து, தொண்டர் ஒருவர் வாங்கி, தலைமைக் குழுவில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்து, அவர் பக்கத்துக்காரரிடம் காட்டி... மதியச் சாப்பாட்டு வரிசைக்குள் விஷயம் பந்தல் முழுக்கப் பரவியிருக்கும். தோழர் மேல் தப்பில்லை, கொடுக்க வேறு இடமே இல்லையே. தகுதி ஆய்வுக் குழு, தீர்மானக் குழு, உணவுக் குழு, விளம்பரக் குழு என்று எல்லாவற்றுக்கும் குழு போடுகிறோம். இரவில் ஒரு பிரதிநிதிக்குத் தொல்லை என்றால் எந்த நம்பருக்கு அடிப்பது என்று மட்டும் பிரதிநிதி அட்டையின் பின்பக்கத்தில் ஒரு வரி இருக்காது.

சட்டத்துக்கு வருவோம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. வேலை நிமித்தமாகப் போகும் இடமும் அதில் பணியிடம்தான். சங்க மாநாடு அதில் அடங்குமா என்றால், வக்கீல்கள் இரண்டு பக்கமும் வாதாடுவார்கள். அரசியல் கட்சிக்கும் உறுப்பினருக்கும் முதலாளி - ஊழியர் உறவு இல்லை, எனவே பாலியல் புகாரை விசாரிக்க அந்தச் சட்டம் சொல்லும் உள்ளகக் குழுவைக் கட்சிகள் வைக்கும் கட்டாயம் இல்லை என்று 2022இல் கேரள உயர்நீதிமன்றம் சொன்னது. சங்கத்துக்கும் அதையே நீட்டிப் பேசலாம். சரி, பேசட்டும். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதால் நாம் செய்ய மாட்டோம் என்று சொல்வதற்கு நாம் என்ன ஒப்பந்தக் கம்பெனியா? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓவின், வேலையிடத் துன்புறுத்தல் பற்றிய 190ஆம் உடன்படிக்கை 2019இல் வந்தது. வேலை தொடர்பான பயணம், பயிற்சி, நிகழ்ச்சி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அது பேசுகிறது. இந்திய அரசு அதை ஏற்க வேண்டும் என்று கேட்பது நம் மத்தியத் தொழிற்சங்கங்கள்தான். உங்கள் மாநாட்டுத் தீர்மானங்களையும் புரட்டிப் பாருங்கள், அதில் இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

"பேசித் தீர்ப்பது" பற்றி அதே 2013 சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? சமரசம் உண்டு. ஆனால் விசாரணை தொடங்கும் முன், புகார் கொடுத்த பெண் தானே கேட்டால் மட்டும். பணம் கொடுத்து முடிப்பது கூடாது. உங்கள் தோழர் சமரசம் கேட்டாரா? கேட்டது பொதுச்செயலாளர். கட்டாயம் இருக்கோ இல்லையோ, இந்த ஒரு விதியையாவது சங்கம் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்து உங்கள் காதுக்கு வரப்போவது, "எலெக்‌ஷன் நேரத்துல எதிரணி தூண்டிவிட்டது". வராமல் இருந்தால் அதிசயம். மாநாட்டில் கோஷ்டி உண்டு, பேனல் உண்டு, புகாரை ஆயுதமாக்குபவர்களும் உண்டு, மறுக்கவில்லை. மைக்கைப் பிடுங்கினார், பேச நேரம் தரவில்லை, அறிக்கை மேல் நான் கொடுத்த திருத்தத்தை ஓட்டுக்கே விடவில்லை என்பதெல்லாம் ஜனநாயகச் சண்டை. அதைச் செயற்குழுவிலும் பொதுக்குழுவிலும் போடுங்கள். சாதி சொல்லித் திட்டியது, கை ஓங்கியது, இரவில் கதவைத் தட்டியது வேறு ரகம். இரண்டையும் ஒரே கோப்பில் போட்டு "உட்கட்சிப் பூசல்" என்று எழுதி மூடுவதுதான் பெரிய தந்திரம். புகார் பொய்யா மெய்யா என்பதைக் கண்டுபிடிக்கத்தானே விசாரணை? பொய் என்று உறுதியாக நம்புகிறவர்தான் விசாரணையை முதலில் கேட்க வேண்டும்.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. பிரிட்டனின் பெரிய சங்கங்களில் ஒன்றான ஜிஎம்பியில், வெளியிலிருந்து வழக்கறிஞர் கேரன் மோனகனை அழைத்து விசாரிக்க வைத்தார்கள். 2020இல் வந்த அவரது அறிக்கை, சங்கம் நிறுவன ரீதியாகவே பெண்களுக்கு எதிரானது என்று முகத்துக்கு நேரே சொன்னது. குடிப் பழக்கம் மண்டிய சூழலையும் விடவில்லை. அசிங்கம்தான், ஆனால் சங்கம் இடிந்து விழவில்லை, இன்றும் நடக்கிறது. கனடாவின் பொதுத்துறை ஊழியர் சங்கமான கியூப் இன்னும் எளிமையாகச் செய்கிறது. அதன் தேசிய மாநாடுகளில் நடத்தை விதி உண்டு, புகாரைக் கேட்கவென்றே தனியாக ஆள் வைக்கிறார்கள். அவர் பேசிச் சரிசெய்யப் பார்ப்பார், முடியாவிட்டால் சம்பந்தப்பட்டவரை மாநாட்டை விட்டு வெளியேற்றுவது வரை போகலாம். இரவு நடந்ததற்குப் பரிகாரம் மாநாடு முடிவதற்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. மூன்று வருடம் கழித்து அடுத்த மாநாட்டில் சுயவிமர்சனமாக ஒரு பத்தி எழுதுவதை விட இது எவ்வளவோ மேல்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் தோழரிடம் அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள், அவருக்காக நீங்கள் முடிவெடுக்காதீர்கள். தோழரும் அந்த நிர்வாகியும் ஒரே நிறுவனம் என்றால் அங்குள்ள விசாகா கமிட்டியிடம், அதாவது 2013 சட்டப்படியான உள்ளகக் குழுவிடம், தோழர் போகலாம். வரம்புக்குள் வருமா என்பதை அந்தக் கமிட்டி சொல்லட்டும், நீங்களோ பொதுச்செயலாளரோ சொல்ல வேண்டாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் கமிட்டி இன்னொரு மூன்று மாதம் நீட்டிக்கலாம், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். ஏழு வாரம் ஏற்கெனவே போய்விட்டது. "கொஞ்சம் பொறுங்க தோழர்" என்கிறவருக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்கலாம். போலீசுக்குப் போவதும் உங்கள் தோழரின் உரிமை, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆம் பிரிவும் தமிழ்நாட்டின் 1998ஆம் வருடப் பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டமும் இருக்கின்றன.

சங்கத்துக்குள், கிளைக் கமிட்டியைக் கூட்டித் தீர்மானம் போட்டு எழுத்தில் அனுப்புங்கள். விசாரணைக் குழுவில் அந்த மாவட்டத்துக்காரர் யாரும் இருக்கக் கூடாது, பாதிப் பேருக்குமேல் பெண்கள் இருக்க வேண்டும், ஒருவர் சங்கத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும், முடிக்கும் தேதியும் அதிலேயே இருக்க வேண்டும். விசாரணை முடியும்வரை அந்த நிர்வாகி பொறுப்பிலிருந்து ஒதுங்கியிருக்கட்டும், சம்பளம் போகிற பதவியா என்ன? தீர்மானத்தில் தோழரின் பெயரை எழுதாதீர்கள், வாட்ஸப் குரூப்பில் நகலைப் போடாதீர்கள். ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். நிர்வாகத்துக்கு எழுதும்போது அப்படித்தானே அனுப்புவீர்கள்?