கர்ப்பப்பை உட்சுவரின் கனம் 6.2 மில்லிமீட்டர்தான் என்றால் கருவை வைக்கவே கூடாதா?

உறைய வைத்த கருவை வைப்பதற்காகப் பன்னிரண்டு நாள் மாத்திரை சாப்பிட்டும் உட்சுவர் 6.2-க்கு மேல் வளரவில்லை, இந்த மாதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், இனி வாய்ப்பே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். வாய்ப்பு இருக்கிறது, சகோதரி. நான் மருத்துவர் இல்லை. தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு நான்கு ஆண்டுகள் இதே எண்ணோடு போராடியவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் அந்த எண் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். உள்வழி ஸ்கேனில் கர்ப்பப்பையை நீளவாக்கில் திரையில் நிறுத்தி, உட்சுவர் மிகத் தடிமனாகத் தெரியும் இடத்தில், ஒரு பக்கத் தசையின் ஓரத்தில் ஒரு சிறு கூட்டல் குறியையும் எதிர்ப்பக்கத் தசையின் ஓரத்தில் இன்னொன்றையும் வைப்பார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளிக்கோடு ஓடும். அந்தக் கோட்டின் நீளம்தான் நமக்குச் சொல்லப்படும் கனம். குறியைச் சற்று உள்ளே வைத்தால் 6.2, சற்று வெளியே வைத்தால் 6.8 என்று வரக்கூடும். ஆகவே ஒரே ஒரு ஸ்கேனை வைத்து மனம் உடைந்துவிட வேண்டாம். அறிக்கையில் ‘டிரிபிள் லைன்’ என்று எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். மூன்று கோடுகளாகத் தெரியும் அந்த அமைப்பு, உட்சுவர் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்கு இணங்கி வளர்ந்திருப்பதைக் காட்டுகிறது.

கனம் குறைந்தால் வெற்றி குறைகிறது என்பது உண்மைதான். அதை மறைத்து ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. கனடாவில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கரு மாற்றங்களை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வில், உறைய வைக்காத கருவை வைத்தவர்களில், 8 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தபோது 33.7 சதவீதம் குழந்தைப்பேற்றில் முடிந்தது. 5-க்கும் 6-க்கும் இடையில் இருந்தபோது 18.1 சதவீதமாக இறங்கியது. உறைய வைத்த கருவில் 7-க்குக் கீழே போகும்போதுதான் சரிவு தொடங்கியது. இதைப் படித்த அன்று நான் அந்த 18.1-ஐயே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மில்லிமீட்டரிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது! ஏழு என்பது அதற்குக் கீழே கதவை அடைத்துவிடும் எண் கிடையாது. கருவின் தரமும் கருமுட்டை எடுத்தபோது இருந்த வயதும் இதைவிடப் பெரிய பங்கு வகிக்கின்றன.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று: ஏன் வளரவில்லை என்று கேளுங்கள். நான் முதலில் போன சிகிச்சை மையத்தில் மூன்று மாதங்கள் எஸ்ட்ராடையால் வேலரேட் என்ற ஈஸ்ட்ரோஜன் மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு முறையும் காலை ஏழு மணிக்கு மெட்ரோ பிடித்துப் போவேன், 5.8 என்று மருத்துவர் சொல்ல, செவிலியர் எழுதிக்கொள்வார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அனுப்பிவிடுவார்கள். அதற்கு முன் எனக்கு ஒரு கரு கலைந்து, இரண்டு முறை கர்ப்பப்பையைச் சுத்தம் செய்திருந்தார்கள். அதை யாரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. இரண்டாவது இடத்தில் அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்தவுடனே கர்ப்பப்பைக்குள் சிறு கேமரா விட்டுப் பார்க்கும் ஹிஸ்டெரோஸ்கோபி செய்யச் சொன்னார்கள். உள்ளே சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஆஷர்மன் என்று அதற்குப் பெயர். ஒட்டிய இடத்தில் எத்தனை மாத்திரை கொடுத்தாலும் வளர்வதற்குத் திசு வேண்டுமே!

அப்போதே ஒரு துளி திசுவை எடுத்துக் காசநோய்க்கும் சோதித்தார்கள்; எனக்கு இல்லை என்று வந்தது. ஆனால் நம் நாட்டில் கர்ப்பப்பைக் காசநோய், இருமல் காய்ச்சல் எதுவும் இல்லாமலேயே உட்சுவரைச் சேதப்படுத்திவிடும் என்பதால், இந்தச் சோதனை உங்களுக்குத் தேவையா என்று கட்டாயம் கேளுங்கள். விந்தணுவை நேரடியாகக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. செய்துகொள்பவர்கள் இதைப் படித்தால், கருமுட்டை வளரக் கொடுக்கும் குளோமிஃபீன் மாத்திரையே சிலருக்கு உட்சுவரை மெலியச் செய்யும் என்பதையும் மருத்துவரிடம் பேசுங்கள்.

நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும், தட்டணுக்கள் நிறைந்த பி.ஆர்.பி. என்ற திரவத்தைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தினால் வளரும் என்று உங்களிடமும் சொல்வார்கள். மனித இனப்பெருக்கம், கருவியலுக்கான ஐரோப்பியச் சங்கம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையில் அதை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. கூடுதல் பணம் கட்டச் சொன்னால், எந்த ஆதாரத்தின்பேரில் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. மாத்திரையை இன்னும் சில நாள் நீட்டிப்பது, அல்லது மாத்திரை இல்லாமல் இயற்கைச் சுழற்சியிலேயே முயல்வது போன்ற எளிய வழிகளை முதலில் பேசிப் பாருங்கள். என் மாமியார் மாதக்கணக்கில் தினமும் மாதுளம்பழம் உரித்து வைத்தார்கள். உட்சுவருக்கு அது என்ன செய்தது என்று என்னால் சொல்ல முடியாது. அந்த நாட்களில் நான் சாப்பிட்டுத் தெம்பாக இருந்ததற்கு அவர்கள்தான் காரணம்.

ஒட்டுகளை நீக்கிய பிறகும் எனக்கு எட்டெல்லாம் வரவில்லை. 6.9-இல் வைத்த கரு தங்கவில்லை. அடுத்த முறை 6.7-இல் வைத்தது தங்கியது. அவளுக்கு இப்போது இரண்டு வயது.

கரு தங்கிய பின்னும் ஒன்றை மறக்காதீர்கள். முன்பு சுத்தம் செய்ததாலோ ஒட்டு இருந்ததாலோ உட்சுவர் மெலிந்தவர்களுக்கு, நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரில் ஆழமாகப் பற்றிக்கொண்டு, பிரசவத்தின்போது பிரியாமல் ரத்தப்போக்கு ஏற்படும் ஆபத்து கூடுதல். குழந்தைக்காகச் சிகிச்சை பார்ப்பவர் ஒருவர், பிரசவம் பார்ப்பவர் வேறொருவர் என்று ஆகிவிடுவதால் இந்தச் செய்தி நடுவில் விடுபட்டுப்போகும். என் கர்ப்பகாலக் கோப்பின் முதல் பக்கத்தில், ஹிஸ்டெரோஸ்கோபி செய்த தேதியையும் ஒட்டு நீக்கிய விவரத்தையும் என் கணவர் சிவப்பு மையில் எழுதிவைத்தார். ஒவ்வொரு ஸ்கேனிலும் நஞ்சுக்கொடி இருக்கும் இடத்தைத் தனியாகக் கவனித்துப் பார்த்தார்கள்.