காலையில் வாங்கி மாலையில் விற்கலாமா?

கேள்வி: செங்கல்பட்டு அருகே ஒரு மனையை 40 லட்சத்துக்குப் பேசி, 3 லட்சம் முன்பணம் கொடுத்து, கிரைய உடன்படிக்கையையும் பதிவு செய்துவிட்டேன். அதை 46 லட்சத்துக்கு வாங்க ஒருவர் வங்கிக் கடனுடன் தயாராக இருக்கிறார். காலையில் என் பெயருக்கு, மாலையில் அவர் பெயருக்குக் கிரையம் என்பது திட்டம். நடுவில் தேவைப்படும் 37 லட்சத்தை ஃபைனான்சியர் ஒருவர் ஒரு நாளைக்குத் தருகிறார்; கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஒரே நாளில் இரண்டு கிரையம் பதிவு செய்வது குற்றமில்லை. ஆனால் அந்த வேலை ஒரு நாளில் முடியாது. காலையில் பதிவான உங்கள் பத்திரத்தையும் புதிய வில்லங்கச் சான்றையும் வங்கியின் வழக்கறிஞர் பார்த்த பிறகே பணம் வெளியே வரும். அதற்குள் ஃபைனான்சியர் தன் வட்டியையும் சேர்த்து ஒரு தொகையை நிரப்பிக் காசோலையை வங்கியில் போட்டால் என்ன செய்வீர்கள்? கையெழுத்து உங்களுடையது என்றால், வெற்றுக் காசோலையானாலும் கடனுக்காகக் கொடுத்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். 2019-இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. மறுத்து நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. காசோலை பணமின்றித் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

லாபமும் 6 லட்சமாக நிற்காது. முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். முதல் கிரையத்திலேயே 3.60 லட்சம் போய்விடும்.

உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கள். ‘தங்கள் பெயருக்கோ தாங்கள் கோரும் நபர் பெயருக்கோ’ கிரையம் எழுதிக் கொடுப்பதாக வரி இருக்கிறதா? இருந்தால் உரிமையாளரே வாங்குபவருக்கு நேரடியாக ஒரே பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். நீங்கள் சம்மதம் தெரிவிக்கும் மூன்றாம் தரப்பாகக் கையெழுத்திடுங்கள். 46 லட்சத்தில் உரிமையாளருக்கு 37, உங்களுக்கு 9 (முன்பணம் 3, லாபம் 6) என்று பத்திரத்திலேயே பிரித்துக் காட்டுங்கள். வரைவை வங்கியிடம் முன்பே காட்டி ஒப்புதல் வாங்குங்கள். அந்த வரி இல்லையென்றால் உரிமையாளரின் சம்மதத்துடன் துணை உடன்படிக்கை எழுதிப் பதிவு செய்யுங்கள்.

எப்படியானாலும் 46 லட்சம் என்பதை உரிமையாளரிடம் மறைக்க வேண்டாம். உங்கள் வாயால் கேட்டால் சற்று வருந்துவார். சார்பதிவாளர் முன்னால் பத்திரத்தை வாசிக்கும்போது தெரிந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

லாபத்தை ரொக்கமாகவும் வாங்காதீர்கள். மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், பெற்ற தொகை அளவுக்கே வருமான வரித் துறை அபராதம் விதிக்கலாம். உடன்படிக்கையின் கெடு நெருங்கிவிட்டதென்றால், முதலில் கால நீட்டிப்பை எழுத்தில் வாங்கிப் பதிவு செய்துவிடுங்கள்.