மூன்று முறை போய் இரண்டு முறை பார்த்த அருவி: கேள்வி பதில்

தூவிலி எல்ல நீர்வீழ்ச்சிக்குப் போய்வந்ததைச் சொன்ன நாளிலிருந்து ஆளாளுக்குக் கேள்வி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இடம் நம் மட்டக்களப்புப் பக்கத்தில் இல்லை. மடக்கிய கைமுட்டியைப் போலத் தெரிவதால் வெள்ளைக்காரர் நக்கிள்ஸ் என்று பெயர் வைத்த தும்பர மலைத்தொடரில், மாத்தளைப் பக்கம் இருக்கிறது. சிங்களத்தில் தூவிலி என்றால் தூசி. விழும் நீர் தூசியாகப் பறப்பதால் அந்தப் பெயர்.

கல்லடியிலிருந்து ஒரு தம்பி: அண்ணன், எந்த மாதம் போகலாம்? எப்படிப் போவது?

நமக்குக் கார்த்திகை, மார்கழியில் கொட்டும் அதே வடகீழ்ப் பருவமழைதான் அந்த மலையின் கிழக்குச் சரிவிலும் கொட்டுகிறது. ஆகவே கணக்கு எளிது: இங்கே வயலில் வெள்ளம் நிற்கும்போது அங்கே போகாதீர்கள். பெப்ரவரி நடுப்பகுதிக்குப் பிறகு மழை ஓய்ந்திருக்கும், அருவியிலும் நீர் இருக்கும். என் தெரிவு அதுதான். மார்ச் பிற்பகுதியும் ஏப்ரலும் காலையில் நல்ல வெயிலாக ஏமாற்றிவிட்டுப் பிற்பகலில் இடியும் மழையுமாக இறங்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் நீர் மெலிந்திருக்கும், ஆனால் நடப்பது சுகம்.

வழி: செங்கலடியில் திரும்பி, கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பதியத்தலாவை தாண்டி மகியங்கனை. அங்கிருந்து வில்கமுவ வழியாக லக்கல பக்கம் ஏறலாம். மகாஓயா வீதியில் இரவில் ஓடாதீர்கள், யானை நிற்கும்.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒருவர்: பாதை இல்லை என்கிறார்கள். பாதை இல்லாமல் இத்தனை பேர் எப்படிப் போனார்கள்?

நல்ல கேள்வி. பாதை இல்லாமல் இல்லை, பாதையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அந்தக் காட்டுக்குள் முன்பு ஏலக்காய் பயிரிட்டார்கள். மூட்டை சுமந்து நடந்த ஒற்றையடித் தடங்கள்தான் இப்போது நாம் நடப்பவை. காட்டைக் காக்க வேண்டும் என்று ஏலச் செய்கையை நிறுத்தியபின் அந்தத் தடங்களைச் சுத்தம் செய்ய யாருக்கும் தேவை இல்லாமல் போயிற்று. ஒரு மாரி கழிந்தால் மானாப் புல் ஆள் உயரத்துக்கு எழுந்து தடத்தை மூடிவிடும். அந்தப் புல்லின் ஓரம் தோலைக் கீறும். முழுக்கைச் சட்டை இல்லாமல் போனவர்கள் இரவில் தூங்க மாட்டார்கள்.

போன வருடம் போனவரின் சொல்லை நம்பி இந்த வருடம் போகாதீர்கள். மரம் விழுந்திருக்கும், மண் சரிந்திருக்கும். அடிவாரக் கிராமத்திலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வனத் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டையும் எடுங்கள். அது பாதுகாக்கப்பட்ட காடு, 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர்: தொலைபேசி வரைபடம் போதாதா காக்கா?

சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் நீங்கள் நிற்கும் இடம் தெரியும். ஆனால் உங்களுக்கும் அருவிக்கும் நடுவில் 30 மீட்டர் பாறை வெட்டு இருப்பதை அது சொல்லாது. நடக்கும்போது தடத்தைப் பதிவு செய்துகொண்டே போங்கள், திரும்பி வரத்தான் அது உதவும். வழி தவறினால் ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த ஓடை அடுத்த வளைவில் இன்னொரு அருவியாக விழும். வந்த வழியே மேலே ஏறுங்கள்.

ஆரையம்பதியிலிருந்து ஒரு தம்பி: நான் மட்டக்களப்பு வாவியில் பிறந்து வளர்ந்தவன் என்றே சொல்லலாம். அருவிக் குண்டில் குதித்து நீந்தலாம்தானே?

தம்பி, இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள். மலையில் நான் அதிகம் பயப்படுவது நீந்தத் தெரியாதவனைப் பற்றி இல்லை, அவன் கரையில் இருப்பான். உன்னைப் போன்றவர்களைப் பற்றித்தான் பயம்.

வாவியில் உப்பு கலந்திருக்கிறது, கடலில் இன்னும் கூட. உப்புநீர் உடம்பைத் தூக்கிக் கொடுக்கும். அருவிக் குண்டில் இருப்பது நன்னீர். அதுவும் நீர் விழும் இடத்தில் பாதி காற்றுக்குமிழி. வெள்ளை வெளேரென்று நுரைத்துக் கிடக்கிறதே, அந்த நுரை உன்னைத் தாங்காது. கையை அடித்தாலும் பிடிமானம் கிடைக்காது. மேலிருந்து விழும் நீர் அடிக்குப் போய், சுழன்று, மறுபடி அருவியின் காலடிக்கே திரும்புகிறது. அந்தச் சுழலுக்குள் அகப்பட்டவன் கரையை நோக்கி நீந்துவதாக நினைத்துக்கொண்டே அருவியின் அடிக்குப் போவான்.

குளிர் அடுத்தது. நம் வாவி வெதுவெதுப்பாக இருக்கும். மலை நீரில் திடீரென்று குதித்தால் மூச்சு தானாக உள்ளே இழுக்கும், அந்த நேரம் தலை நீருக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று யோசி. கீழே பாறையில் நீர் குடைந்த கிண்ணம் போன்ற குழிகளும் உண்டு, கால் மாட்டிக்கொள்ளும். மேலிருந்து பார்க்கும்போது ஆழம் தெரியாது.

அருவிக்கு நேர்கீழே நின்று தலையில் நீரை வாங்கும் ஆசையும் உனக்கு இருக்கும்.  40 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல் நீரோடு வந்தால் கிட்டத்தட்ட மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சேரும்.

குளிக்கவே கூடாதா? குளிக்கலாம். குண்டுக்குக் கீழே, நீர் தெளிந்து மெதுவாக ஓடுகிற, அடி தெரிகிற, இடுப்புக்கு மேற்படாத இடத்தில் இறங்கு. நடந்து இறங்கு, குதிக்காதே.

கல்முனையிலிருந்து ஒரு தங்கச்சி: அட்டை என்றாலே உடம்பு நடுங்குகிறது. என்ன செய்வது?

காற்சட்டை முனையை நீண்ட காலுறைக்குள் செருகுங்கள். காலுறையின் மேல் உலர்ந்த சவர்க்காரத்தைத் தேய்த்துவிடுங்கள். கடித்துவிட்டால் நகத்தால் வாயோரத்தை நெம்பி எடுத்தால் போதும், நெருப்பு வைக்க வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்துவதால் கடித்த இடம் நெடுநேரம் கசியும். பார்க்கத்தான் பயங்கரம், அழுத்திக் கட்டினால் நின்றுவிடும்.

திருக்கோவிலிலிருந்து ஓர் ஐயா: பாம்பு?

அட்டையை விட இதைத்தான் கேட்க வேண்டும். காய்ந்த இலைச் சருகில் சருகாகவே கிடக்கும், மூக்கு நிமிர்ந்த ஒரு சிறு விரியன் உண்டு. சிங்களவர் குனகட்டுவா என்பார்கள். சிறியதுதானே என்று அசட்டை செய்யக் கூடாது, சிலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். கையை ஊன்றும் முன் பாருங்கள், சப்பாத்து அணியுங்கள். கடித்தால் கீறவோ, உறிஞ்சவோ, இறுக்கிக் கட்டவோ வேண்டாம். காலை அசைக்காமல் சுமந்து வாருங்கள். சிக்னல் கிடைத்ததும் 1990 ஐ அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

வாழைச்சேனையிலிருந்து ஒருவர்: குடிக்க ஓடை நீர் எடுக்கலாமா?

கொதிக்க வைத்தால் எடுக்கலாம். கால் கையில் புண்ணோடு நீரில் இறங்கினால் எலிக்காய்ச்சலை மறவாதீர்கள். வயலில் இறங்குகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போய்வந்து இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், எங்கே போனீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

செங்கலடியிலிருந்து ஒரு அக்கா: எட்டு வயது மகனைக் கூட்டிப் போகலாமா?

வேண்டாம் அக்கா. பதுளையில் துன்ஹிந்த இருக்கிறது. படிக்கட்டு உண்டு, கைப்பிடி உண்டு, வழியில் கச்சான் கடலையும் வாங்கிக் கொடுக்கலாம்.

மறுபடியும் கல்லடித் தம்பி: மூன்று முறை போய் இரண்டு முறைதான் பார்த்தேன் என்றீர்களே. மற்றது என்னவாயிற்று?

அது ஒரு ஏப்ரல் மாதம். அருவிக்கு முன் கடைசி ஓடை. இரைச்சல் காதில் கேட்கிறது, மரங்களுக்கு மேலே வெண்மையாக நீர்ப்புகை தெரிகிறது. நாங்கள் நின்ற இடத்தில் ஒரு துளி மழை இல்லை. ஓடை கணுக்காலளவு. கூட வந்த ஊர்க்காரர் கால் வைக்கப் போனவர், நின்று நீரையே பார்த்தார். காய்ந்த இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வரத் தொடங்கியிருந்தன. நீர் வெறுந்தேநீர் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. மேலே எங்கோ பெய்துவிட்டது என்றார். எல்லோரையும் கரைக்கு மேலே ஏறச் சொன்னார். ஒரு சுருட்டு பிடித்து முடிக்கும் நேரத்துக்குள் நாங்கள் தாண்டப் பார்த்த கற்கள் எதுவும் வெளியே தெரியவில்லை.

நேரம் இரண்டரை. நீர் வடியும் வரை காத்திருந்தால் இருட்டில் இறங்க வேண்டும். பள்ளத்தாக்கில் ஐந்தரைக்கே கண் தெரியாது. திரும்புவோம் என்றேன். என் மைத்துனர் ஒருவர், மூன்று மாதமாகத் திட்டம் போட்டு வந்தவர், இறங்கும் வழி முழுக்க என்னோடு பேசவில்லை. வான் வண்டியிலும் பேசவில்லை. மகாஓயா வெந்நீர்க் கிணற்றடியில் காற்சட்டையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்து நெடுநேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு அட்டைக்கடி என்று சொன்னார். பிறகு ஒரு தேநீர் கேட்டார்.